இரண்டு தாள்

பேக்கரிக்கு மேலே பதினாலு படி.
பலகையில் 'கடன் ஆலோசனை' என்று இருப்பதால்
கடன் கிடைக்கும் என்று ஏறி வருகிறவர்களே பாதி.
இல்லை என்றதும்
ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இறங்குவார்கள்.
மைனாவதி இறங்கவில்லை.

நகைக்கடைப் பையைக் கவிழ்த்தாள்.
நகை போய்விட்டது, பை இருக்கிறது.
உள்ளே முப்பத்தேழு சீட்டுகள்,
சிலதில் பஞ்சு ஒட்டியிருந்தது.
"தேதி கேட்டா எனக்குத் தெரியாதுங்,
கெழமைதான்.
செவ்வாய்க்கு ஒரு குழு, வெள்ளிக்கு ஒண்ணு,
ஞாயித்துக்கெழம பைக்குல வர்றவன்.
புதன் மட்டும் ஆரும் வர்றதில்லீங்,
அன்னிக்குத்தான் தல குளிப்பேன்."

கூட்டினேன்.
வாரத்துக்கு நாலாயிரத்து முந்நூற்று எழுபது.
அவர் தறிக்கூலியும் இவள் தார் சுற்றும் கூலியும் சேர்ந்தால்
ஐயாயிரத்து ஐந்நூறு.
மூச்சு விட இடமிருக்கிறது, குனிந்தபடி.
தவணையை நீட்டக் கேட்டு எழுதலாம்.
பைக்கில் வருகிறவனை எங்கே நிறுத்துவது என்பதும் தெரியும்;
நானும் ஆறு வருஷம் வசூலுக்குப் போனவள்தான்.
இதே பள்ளிபாளையத்தில் எத்தனை வாசலில்
பணம் வரும்வரை எழாமல் உட்கார்ந்திருக்கிறேன்,
'அம்மா இல்லீங்' என்று சொல்ல
எந்த வீட்டில் எந்தக் குழந்தையை அனுப்புவார்கள் என்று
மனப்பாடமாகத் தெரியும் வரை.

"வீட்டுக்காரர் பேரு?"
"செங்கோட்டுவேலுங்."

பேனா நின்றது.
பீரோவில், போன வியாழன் கோப்பில்,
அதே பெயர், அதே கதவு எண்,
வேறு கடன்கள்.
வாரம் இரண்டாயிரத்து அறுநூறு.
தனியாகப் பார்த்தால் அதுவும்
பிழைத்துக்கொள்ளும் தாள்தான்.
இரண்டையும் பக்கத்தில் வைத்தால்
ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய்ப் பள்ளம்,
வாராவாரம்.

அன்றைக்கு அவர் சொன்னது:
"ஓவர்டைம் காசுன்னு சொல்லித்தான் அவகிட்டக் குடுத்தேன்."
இப்போது இவள்:
"சீட்டு விழுந்துச்சுன்னு அவருகிட்டச் சொல்லியிருக்கறனுங்."
பார்க்காத ஓவர்டைமையும் விழாத சீட்டையும் ஒன்றாகப் போட்டுப்
பையனுக்குப் பாலிடெக்னிக் பீஸ் கட்டி,
மிச்சத்தில் அன்று கறி எடுத்திருக்கிறார்கள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது.
விதி அது. நல்ல விதி.
"அவரையும் கூட்டியாங்க" என்றேன்.
"ஐயோ, தெரிஞ்சா நொந்துபோயிருவாருங்."
நொந்துபோயிருவா என்று
அதே நாற்காலியில் அவரும் சொன்னார்.

அடுத்த புதன், பதினொன்றரை என்று
இவளுக்கு எழுதிக் கொடுத்தேன்.
அவருக்குப் போன் போட்டு
அதே புதன், அதே பதினொன்றரை.
தப்புதான். பயிற்சியில் இப்படிச் சொல்லித் தரவில்லை.
இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

முதலில் அவள் வந்தாள், தலை குளித்து, ஈரம் காயாமல்.
பிறகு படியில் ஒரு செருப்புச் சத்தம்.
அதை அவளுக்குத் தெரியும் போல;
பையை எடுத்து முந்தானைக்குள் வைத்தாள்.
கதவில் நின்றவர்
"தண்ணி குடிக்க வந்தேன்" என்றார்,
பதினாலு படி ஏறி.

கீழே பன் வேகும் வாசம்.
யாரும் எதுவும் பேசவில்லை.
மூன்றாவதாக ஒரு தாள் எடுத்தேன்.
கடன் எதையும் எழுதவில்லை.
முதல் வரியில் அரிசி என்று எழுதி
மாசத்துக்கு எத்தனை கிலோ என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சுங்" என்றாள்.
"இருபது ஆகுதுங்" என்றார்.
"ஆகுதா? ராத்திரி ஷிப்டுக்குப்
போசி நெறையப் போட்டுக் குடுக்கறது ஆராம்?"
"நீ ராத்திரிக்குத் திங்கறதில்ல,
மொதல்ல அதச் சொல்லு."

சத்தம் ஏறியது.
பேக்கரிக்காரர் பாதிப் படி ஏறி எட்டிப் பார்த்தார்,
கையில் மாவோடு.
ஒன்றுமில்லை, போங்க என்று கையைக் காட்டினேன்.
அரிசிக்கு நேரே
எண் இன்னும் எழுதவில்லை.